இல்லாத விலங்கை வரைதல்

உலகில் எவருமே கண்டிராத ஒரு விலங்கை வரையச் சிறுவர்களுக்குக் கற்பிக்க இயலுமா? பசுவை வரையச் சொன்னால் தெருவில் நிற்கும் பசுவைக் காட்டலாம். கிளியை வரையச் சொன்னால் மாமரத்தைக் காட்டலாம். யாளியை வரையச் சொன்னால் எதைக் காட்டுவது? அது எந்தக் காட்டிலும் இல்லை. எந்த உயிர்க்காட்சிச் சாலையிலும் இல்லை. அப்படியானால் ஒரு மாணவன் வரைந்த யாளி சரி, மற்றொருவன் வரைந்த யாளி தவறு என்று ஆசிரியர் எதை அளவுகோலாகக் கொண்டு சொல்வார்?

இது ஏதோ வேடிக்கைக் கேள்வி என்று மாணவ நண்பர்கள் எண்ணிவிடலாகாது. ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தவன் நான். அந்த ஆண்டுகளில் நான் செய்த பிழைகளுள் என் நெஞ்சைவிட்டு நீங்காத பிழை ஒன்று இந்தக் கேள்விக்கு விடை தெரியாமையால் விளைந்தது. அதனைச் சொல்வதற்கு முன், யாளி என்பது யாது என்பதைச் சற்றுத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

யாளி பெரும்பாலும் சிங்கத்தின் உடலைப் பெற்றது. முகமும் சிங்க முகமே. ஆனால் கண்கள் வெளியே பிதுங்கி நிற்கும். சில யாளிகளுக்கு யானையின் தும்பிக்கையும் தந்தமும் உண்டு. அவற்றை யானையாளி என்பர். சிங்கத் தோற்றம் மிகுந்தது சிம்மயாளி. மகரத்தின் சாயல் கலந்தது மகரயாளி. வடமொழியில் இதனை வியாளம் என்பர். நம் சங்கப் புலவர்கள் 'ஆளி' என்று ஒரு விலங்கைக் குறிப்பிடுகின்றனர். யானையையே தாக்கி வீழ்த்தும் வலிமையுடையதாக அதனைப் பாடுகின்றனர். ஆக, சொல்லளவில் யாளி நம்மிடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறது.

சொல்லில் வாழ்ந்த விலங்கு பின்னர்க் கல்லிலும் வாழத் தொடங்கிற்று. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று மக்கள் வழங்கும் பல்லவர் காலப் பாறைக்கோயில் இருக்கிறது. அதன் வாயிலைச் சுற்றி வரிசையாக அமைந்திருப்பவை புலித்தலைகள் அல்ல; யாளித்தலைகளே. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் யாளி வரிசை ஓடுகிறது. விசயநகர வேந்தர் காலத்திலும் நாயக்கர் காலத்திலும் யாளி அந்த வரிசையிலிருந்து எழுந்து, தூணின் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றுவிட்டது. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் அத்தகைய தூண்களைக் காணலாம். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. வீணையின் வளைந்த கோடியில் அமைந்திருப்பதும் யாளி முகமே.

கல்லிலும் மரத்திலும் வாழும் இவ்விலங்கு பட்டிலும் வாழ்கிறது. அதனைக் காண்பதற்கு ஆரணியைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தறியோசை கேட்கும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதை மாணவர் அறிவீர்கள். அந்தப் பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, மயில், யாளி ஆகியவை சரிகையில் நடைபோடுகின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே யாளியைப் பார்த்துவிடுகிறது. இந்த உண்மையை நான் எண்ணிப் பார்க்கத் தவறினேன் என்பதே என் கதை.

1987-ஆம் ஆண்டு. ஆரணி அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் பணிபுரிந்த பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லை. வகுப்பாசிரியரே ஓவிய வகுப்பையும் நடத்த வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவருக்குக் கரும்பலகையில் நானே ஒரு யாளியை வரைந்து காட்டினேன். ஒரு நூலில் கண்ட படத்தைப் பார்த்துப் பழகிக்கொண்ட படம் அது. "இதைப் பார்த்து வீட்டில் வரைந்து வாருங்கள்" என்றேன்.

மறுநாள் நாற்பது தாள்கள் வந்தன. முப்பத்தொன்பது தாள்களில் என் யாளியே சற்றுக் குட்டையாகவும் சற்றுக் கோணலாகவும் இருந்தது. ஒரே ஒரு தாளில் மட்டும் வேறொரு விலங்கு இருந்தது. கணக்கு நோட்டிலிருந்து கிழித்த கட்டம்போட்ட தாள் அது. வளைவு இருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் படிக்கட்டுப் போல் கோடு ஏறி இறங்கியது. யாளியின் உடல் உடும்பைப் போல நீண்டிருந்தது. கால்கள் இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை. மார்பையும் தொடையையும் முழுவதும் தீட்டாமல், இடையிடையே சில கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தான். தும்பிக்கையை நான் மேல்நோக்கி வரைந்திருந்தேன். அவன் கீழ்நோக்கி மடக்கியிருந்தான்.

நான் சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டேன். அத்துடன் நின்றிருக்கலாம், நின்றேனில்லை. தாளை உயர்த்தி வகுப்புக்குக் காட்டி, "இது யாளியா, உடும்பா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து வந்து தாளை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் அவன் தந்தை வந்தார். செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றார். நான் அழைத்த பிறகே அருகில் வந்தார்.

"ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. பையன் உங்கள் சொல்லை மீறவில்லை. நீங்கள் காகிதத்துக்கு வரைந்து காட்டினீர்கள். அவன் தறிக்கு வரைந்திருக்கிறான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் நாணமாக இருந்தது. அவர் அதனை உணர்ந்துகொண்டார் போலும். "பொழுது இருந்தால் மாலையில் வீட்டுக்கு வாருங்கள் ஐயா. பார்த்தால் தெரிந்துவிடும்" என்று கூறிச் சென்றார்.

அன்று மாலை அந்த வீட்டில் நான் கற்றதை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஒருவரும் கற்பித்ததில்லை.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்லும் இழை ஊடை. எந்தப் பாவிழை மேலே எழும்புகிறது, எது கீழே நிற்கிறது என்பதைப் பொறுத்தே துணியில் உருவம் தோன்றுகிறது. தறியின் தலைமேல் அமைந்த ஜக்கார்டு பெட்டி அந்த இழைகளைத் தூக்குகிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து நெசவாளரான ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர், தமக்கு முன்னோர் செய்த முயற்சிகளைத் திருத்தி, 1804-ஆம் ஆண்டு வாக்கில் இதனை உருவாக்கினார். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் வந்து அமர்கின்றன. துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழும்பிப் பாவிழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் கொக்கி எழும்பாது. ஓர் அட்டை சொல்வது ஓர் ஊடைக்குரிய செய்தி. நூறு ஊடைகளில் முடியும் உருவத்துக்கு நூறு அட்டைகள் தேவை. அட்டையில் துளையிட்டுச் செய்தி சொல்லும் இந்த முறையையே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு எடுத்தாண்டார். இன்றைய கணிப்பொறியின் முன்னோர் வரிசையில் பட்டுத் தறிக்கும் ஓரிடம் உண்டு என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இந்த அட்டைகளைக் குத்துவதற்கு முன், உருவத்தைக் கட்டத்தாளில் வரைகிறார்கள். ஒரு திசையில் உள்ள கட்டங்கள் கொக்கிகளைக் குறிக்கும். மறு திசையில் உள்ளவை ஊடைகளைக் குறிக்கும். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியதாகவோ வெறுமையாகவோதான் இருக்க முடியும். பாதிக் கட்டம் என்பது தறிக்குத் தெரியாது. ஆகவே வளைகோடு அங்கே படிக்கட்டாகத்தான் ஏற வேண்டும். கட்டங்கள் நுண்ணியவையாகத் துணியில் அமையும்போது, சற்று விலகி நின்று பார்க்கும் கண்ணுக்கு அந்தப் படிகள் மறைந்து வளைவே தோன்றும். நான் கோணல் என்று எண்ணிய முதற்பிழை இவ்வாறு நீங்கிற்று.

இரண்டாவது, உடும்பைப் போல் நீண்ட உடல். சேலையின் கரை பாவின் போக்கிலே ஓடுவது. ஆகவே கரையில் நடக்கும் யாளியின் நீளத்தை ஊடைகளால் அளக்க வேண்டும். உயரத்தைக் கொக்கிகளால் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஓர் அங்குல நீளத்துக்கு 60 ஊடைகள் விழுகின்றன என்றும், ஓர் அங்குல உயரத்துக்கு 40 கொக்கிகள் அமைந்துள்ளன என்றும் கொள்வோம். ஓர் அங்குல நீளமும் ஓர் அங்குல உயரமும் உடைய யாளிக்கு நீளவாக்கில் 60 கட்டங்களும் உயரத்தில் 40 கட்டங்களும் தேவை. கணக்கு நோட்டின் கட்டமோ சதுரம். ஆகவே அந்தத் தாளில் யாளி தன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீண்டு தோன்றும். தறியில் ஏறியதும் ஊடைகள் நெருங்கி அமைந்து அதனைச் சரியான அளவுக்குச் சுருக்கிவிடும். தாளில் அழகாக இருக்கும் யாளியைத் தறியில் ஏற்றினால் அது குறுகிப்போன யாளியாகிவிடும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் விகிதக் கணக்கை மனத்தில் போட்டு வரைந்திருந்தான். விகிதக் கணக்கை அவனுக்குக் கற்பித்தவனும் நான்தான். வரைந்த தாளில் அதைக் கண்டுகொள்ளாதவனும் நான்தான்.

மூன்றாவது, மார்பிலும் தொடையிலும் விட்ட வெற்றுக் கட்டங்கள். சரிகை இழை நெடுந்தூரம் பட்டோடு பிணையாமல் மேலே கிடந்தால், அது தளர்ந்து தொங்கும். வளையலிலும் மெட்டியிலும் மாட்டி அறுந்துபோகும். எனவே அகன்ற பரப்பு வருமிடத்தில் இடையிடையே இழையைக் கட்டிப்போட வேண்டும். யாளியின் மார்பில் செதில், கழுத்தில் மணிமாலை, தொடையில் சுருள் என்று நாம் காண்பவற்றில் பல இவ்வாறு கட்டுக்காக வந்த அணிகளே. அழகு, உறுதி இரண்டும் ஒரே புள்ளியில் பிறக்கின்றன.

நான்காவது, மடக்கிய தும்பிக்கை. பெட்டியில் எத்தனை கொக்கிகள் உண்டோ அத்தனை கட்டங்கள்தாம் உயரம். தும்பிக்கையை மேலே தூக்கினால் அதற்கு இடம் விடுவதற்காக உடலைச் சிறிதாக்க வேண்டும். மடக்கிவிட்டால் உடல் பெரிதாக நிற்கும். "தூக்கினால் யாளி சின்னதாகிவிடும் ஐயா" என்று அந்தப் பையனே சொன்னான். அன்று மாலை அவன் பேசியது அந்த ஒரு வாக்கியந்தான்.

நான் பிழையென்று குறித்த நான்கும் நான்கு அறிவுகள். அவற்றை அடித்த சிவப்பு மை என்னுடையது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் என் பிழையைச் சொன்னேன். தறிக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அவன் தாளைக் கேட்டு வாங்கி, என் குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில், நூற்றுக்கு நூறு என்று எழுதினேன். "சரிங்க ஐயா" என்றான். மீண்டும் நான்காக மடித்து வைத்துக்கொண்டான். அவ்வாண்டு முடியும்வரை அவன் எனக்கு வேறொரு படம் வரைந்து தரவில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறிக்குச் சென்றான். வீட்டு வறுமையே அதற்குப் பெருங்காரணம் என்பதை நான் அறிவேன். ஆயினும், 1850-இல் தோன்றிய ஓவியக் கல்லூரி ஒன்று சென்னையில் இருக்கிறது, அங்கே உன்போன்றவர்க்கு இடம் உண்டு என்று ஒரு சிறுவனுக்கு நம்பிக்கையோடு சொல்லியிருக்க வேண்டியவன் ஆசிரியன். அவன் காது கொடுத்துக் கேட்கும் தகுதியை நான் ஒரு சிரிப்பிலே இழந்துவிட்டேன்.

அதன்பின், சிறுவர் ஓவியத்தைப் பற்றிக் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். மூன்று செய்திகள் எனக்குப் பயன்பட்டன. உங்களுக்கும் பயன்படும்.

முதற்செய்தி, இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் உள்ளது. கற்பனை விலங்கு உயிருள்ளது போலத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஒரு விலங்கின் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பறவைநாகம் வரைய விரும்பினால் வேட்டைநாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து என்று எடுத்துச் சேர்க்கலாம் என்கிறார். நம் சிற்பிகள் செய்ததும் இதுவே. சிங்கம், யானை, மகரம் ஆகியவற்றிலிருந்து உறுப்புகளை எடுத்துத்தான் அவர்கள் யாளியைப் படைத்தார்கள்.

இரண்டாவது செய்தி இதற்கு மறுதலையானது. 1515-ஆம் ஆண்டில் குசராத்துச் சுல்தான் அளித்த ஒரு காண்டாமிருகம் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குக் கப்பலில் சென்று சேர்ந்தது. செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதனை நேரில் கண்டதில்லை. ஒரு வருணனையையும் ஒரு சிறு வரைபடத்தையும் மட்டுமே கொண்டு மரச்செதுக்குப் படம் ஒன்றை வெளியிட்டார். அந்தப் படத்தில் தோல் போர்க்கவசம் போலப் பலகை பலகையாக இருக்கிறது. முதுகின்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்திருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் காண்டாமிருகம் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி வந்தனர். பாருங்கள்: காணாமல் வரைந்தால் இருக்கும் விலங்கும் கற்பனை விலங்காகிவிடும், கண்டு வரைந்தால் கற்பனை விலங்கும் இருக்கும் விலங்காகத் தோன்றும்.

மூன்றாவது செய்தி உளவியலைச் சார்ந்தது. அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித் என்ற ஆங்கில உளவியல் அறிஞர் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறுவர்களிடம் ஒரு வீட்டை வரையச் சொன்னார். பிறகு இல்லாத ஒரு வீட்டை வரையச் சொன்னார். மனிதனையும் விலங்கையும் அவ்வாறே வரையச் செய்தார். ஐந்து வயதை ஒட்டிய சிறுவர்கள் பெரும்பாலும் உறுப்பின் அளவையோ வடிவையோ மாற்றினார்கள், அல்லது ஓர் உறுப்பை விட்டுவிட்டார்கள். எட்டு முதல் பத்து வயதானவர்களோ வேறோர் இனத்தின் உறுப்பைக் கொண்டுவந்து இணைத்தார்கள். அதாவது, யாளியைப் படைக்கும் ஆற்றல் மனத்தில் மலர்வதற்கு ஒரு பருவம் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தையிடம் கழுத்து நீண்ட பசுவையோ காது பெருத்த நாயையோ வரையச் சொல்லலாம். சிங்கத்தையும் யானையையும் கலக்கும் வேலையை எட்டு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, பிந்திய ஆண்டுகளில் யாளி வரையக் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். வீட்டில் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்க விரும்பும் மாணவரும், நாளை ஆசிரியராக விரும்புவோரும் இதனைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் கரும்பலகையில் எதையும் வரையமாட்டேன். "யாளியை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். அம்மாவின் சேலையில், கோயில் தூணில், வீணையில் என்று விடைகள் வரும். ஒருவரும் பார்த்ததில்லை என்ற விலங்கை வகுப்பில் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அடுத்து, பூனையைக் கூர்ந்து பார்த்துவரச் சொல்வேன். சிங்கம் நம் தெருவில் இல்லை. அதன் உறவான பூனை இருக்கிறது. உட்காரும்போது அதன் முதுகு எப்படி வளைகிறது, பின்கால் எங்கே மடங்குகிறது, பாய்வதற்கு முன் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும்.

பிறகு வரைதல். முதலில் தலையிலிருந்து வால்வரை முதுகெலும்புக்கு ஒரே வளைகோடு. அக்கோட்டில் மார்புக்கு ஒரு பெரிய முட்டை வடிவம், இடுப்புக்கு ஒரு சிறிய முட்டை வடிவம். அவற்றிலிருந்து கால்கள். அதன்பிறகே தலை. கண்ணும் பல்லும் பிடரிமயிரும் இறுதியில். சிறுவர்கள் கண்ணில் தொடங்கவே விரும்புவார்கள். தொடங்கினால் உடலுக்கு இடமிராது. தும்பிக்கை வைக்க விரும்புவோரிடம் ஒரு கேள்வி கேட்பேன்: "இவ்வளவு கனமான தும்பிக்கையைத் தாங்க அந்தக் கழுத்து போதுமா?" மாணவனே அழிப்பானை எடுத்துக் கழுத்தைத் தடிப்பாக்குவான்.

நான்காவதாக, "எதில் செய்யப்போகிறாய்?" என்று கேட்பேன். கல்லில் என்றால், தனியே நீண்ட தும்பிக்கை ஒடிந்துபோகும். கீழே ஒரு சிறு யானையைப் படைத்து அதனோடு இணைத்துவிட வேண்டும். தூண்களில் பல யாளிகள் யானையின்மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் என்றால் மரத்தின் ரேகை ஓடும் திசையை எண்ண வேண்டும். பட்டில் என்றால் கட்டம், ஊடை, கட்டு ஆகியவற்றை எண்ண வேண்டும். ஒரே யாளி மூன்று பொருளில் மூன்று உருவம் கொள்ளும், மூன்றும் சரியே.

இறுதியாக, எந்தத் தாளிலும் மை வைப்பதற்குமுன், "இதை ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேட்டுவிடுவேன். பல நேரங்களில் "தெரியாது ஐயா" என்று விடை வரும். சில நேரங்களில், என் கரும்பலகையில் இல்லாத ஓர் அறிவு வெளிப்படும். அந்தச் சில நேரங்களுக்காகவே எல்லா நேரமும் கேட்க வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். இல்லாத விலங்கை வரைவதிலும் சரி, தவறு உண்டு. உறுப்பு உறுப்போடு பொருந்துகிறதா? உடல் தன் எடையைத் தாங்குகிறதா? ஏற்றிய பொருளில் உருவம் நிலைக்குமா? இவையே அளவுகோல்கள். ஆசிரியர் வரைந்த படத்தைப்போல் இருக்கிறதா என்பது அளவுகோல் அன்று.

இன்று ஆரணியிலும் பிற பட்டூர்களிலும் கட்டத்தாளின் வேலையைப் பெரும்பாலும் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. மின்னணு ஜக்கார்டு அமைந்த தறிகளில் அட்டைகளே இல்லை. திரையில் ஒரு நொடியில் யாளியைத் தோற்றுவிக்கலாம். ஆனால் திரையிலும் உருவம் கட்டங்களால் ஆனதே. ஊடை எத்தனை, கொக்கி எத்தனை, சரிகையை எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்னும் கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்ல, தறியையும் விலங்கையும் ஒருங்கே அறிந்த ஒரு மனம் வேண்டும். தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லும் பிள்ளைகளை நான் குறை கூறமாட்டேன். கூலியின் அளவை அறிந்தவன் நான். எனினும், தந்தையின் தறியடியில் கற்ற அறிவைப் பள்ளியின் வாயிலில் செருப்பைப்போல் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும்படி நாம் நடந்துகொள்ளக் கூடாது.

மாணவ நண்பர்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு ஒரு பழைய பட்டுச் சேலையை விரித்துப் பாருங்கள். கரையில் ஒரு விலங்கோ பறவையோ இருக்குமானால், கண்ணை அருகில் கொண்டுசென்று அதன் ஓரத்தை நோக்குங்கள். படிக்கட்டுகள் தெரியும். பின்னர்ச் சற்றே விலகி நில்லுங்கள். அந்தப் படிகள் மறைந்து யாளி நடக்கத் தொடங்கும். நான் ஒரு சிறுவனின் தாளை மிக அருகில் வைத்துப் பார்த்தேன். விலகி நின்று பார்க்கத் தவறினேன். நீங்கள் அவ்வாறு செய்யாதிருப்பீர்களாக.